நிலக்கரி ஏன் ஜார்க்கண்ட்ல, காத்து ஏன் ஆரல்வாய்மொழில? வாசகர் கேள்வி-பதில்

இந்தியாவோட கனிம வளம் பத்தி வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேத்துட்டேன். எக்ஸாமுக்கு லிஸ்ட் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, எந்த மாநிலத்துல என்னன்னு எல்லா கைடுலயும் இருக்கு, இங்க 'அது ஏன் அங்க இருக்கு'ன்னு மட்டும் பாப்போம்.

நிலக்கரி எல்லாம் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர்லயே குவிஞ்சு கிடக்கே, நமக்கு ஏன் இல்ல?

மேப்ப எடுத்து வெச்சு தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி நாலு ஆத்தையும் பாருங்க, ராணிகஞ்ச், ஜரியா, தால்ச்சேர், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கமெல்லாம் அந்த பள்ளத்தாக்குகள ஒட்டியே வரும். 25-30 கோடி வருஷத்துக்கு முன்னாடி நாம ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகாவோட ஒட்டிக்கிட்டு கோண்ட்வானாவா இருந்தப்ப இந்த கோட்டுல எல்லாம் நிலம் மெதுவா உள்ள இறங்கிக்கிட்டே இருந்துச்சு, அதுல சதுப்புக் காடு, அது மேல மண்ணு, திரும்ப காடுன்னு அடுக்கடுக்கா புதைஞ்சதுதான் இன்னிக்கு நாம வெட்டுற நிலக்கரில கிட்டத்தட்ட எல்லாமே. நம்ம பல்லாவரம், சேலம் பக்கத்துப் பாறைக்கோ 250 கோடி வருஷத்துக்கு மேல வயசு, அது உருவானப்ப தரையில ஒரு செடி கூட கிடையாது, அப்புறம் நிலக்கரி எங்கேருந்து வரும்?

அப்ப நெய்வேலி?

அது வேற கதை. கடலோரமா ரொம்ப பின்னாடி படிஞ்ச இளசு மண்ணு, அதுல கிடைக்கிறது பழுப்பு நிலக்கரி, இந்தியாவுல இருக்கறதுல பெரும்பங்கு நம்மகிட்டதான். ஒரு கட்டிய கையில எடுத்துப் பாத்தா மரத்தோட ரேகை கூட சில சமயம் தெரியும், வெட்டி எடுக்குறப்ப பாதி எடை தண்ணிதான், வெயில்ல போட்டா காஞ்சு வெடிச்சு உதிரும், குவிச்சு வெச்சா தானாவே பத்திக்கும். ரயில்ல ஏத்தி தூரமா அனுப்பறதுக்கு லாயக்கில்ல, அதான் சுரங்கத்து வாசல்லயே கரண்ட் எடுக்கறாங்க. இன்னொரு தலைவலி, கரிக்கு கீழ அழுத்தத்தோட நிலத்தடி தண்ணி நிக்குது, ராப்பகலா பம்ப் பண்ணலன்னா சுரங்கத் தரையவே பொத்துக்கிட்டு மேல வந்துரும். சுத்தி இருக்கற விவசாயிங்க கோவத்துக்கு நிலம் போனது மட்டும் காரணமில்ல, இந்த தண்ணியும்தான்.

இவ்ளோ கரி வெச்சுக்கிட்டு எதுக்கு சார் இறக்குமதி?

ரெண்டு காரணம். நம்ம கரில சாம்பல் ஜாஸ்தி, 30-45 சதவீதம் வரைக்கும் போகும், அதாவது வேகன்ல ஏத்தறதுல மூணுல ஒரு பங்கு சும்மா மண்ண சுமக்கறோம், ஜார்க்கண்ட்லேர்ந்து தெக்க வர்றதுக்குள்ள ரயில் கூலியே கரிய தின்னுடும். ரெண்டாவது, ஸ்டீல் ஃபேக்டரிக்கு வேண்டிய கோக்கிங் கரி வேற ரகம், அதுல உருப்படியானது நமக்கு முக்கியமா ஜரியாலதான், அந்த ஜரியாவோ 1916-லேர்ந்து பூமிக்கு அடியில எரிஞ்சுக்கிட்டே இருக்கு, மேல ஊரே உக்காந்திருக்கு. அதனால ஸ்டீல்காரங்க ஆஸ்திரேலியாகிட்ட போறாங்க.

கனிமம் கொழிக்கிற மாநிலமெல்லாம் ஏன் ஏழையாவே இருக்கு?

நிறைய பேர் அங்க இருக்கற ஆளுங்கள குறை சொல்லி எழுதியிருந்தீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1952-லேர்ந்து 1993 வரைக்கும் சரக்கு கட்டணத்த சமப்படுத்தற கொள்கைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஸ்டீல், நிலக்கரி மாதிரி சரக்க சுரங்கம் இருக்கற தன்பாத் பக்கத்துல வாங்கினாலும் பம்பாய்ல வாங்கினாலும் ஏறக்குறைய ஒரே விலை, ரயில் செலவ அரசாங்கம் ஈடுகட்டிடும். அப்ப எந்த முதலாளி போய் சோட்டாநாக்பூர்ல (அந்த ஜார்க்கண்ட் பீடபூமிதான்) ஃபேக்டரி கட்டுவான், துறைமுகம் இருக்கற இடத்துலயே கட்டிட்டான், அந்த லாபம் தமிழ்நாட்டுக்கும் வந்துச்சுங்கறத நாம ஒத்துக்கணும். பீகாருக்கும் (ஜார்க்கண்ட் அப்ப அதுலதான் இருந்துச்சு) வங்காளத்துக்கும் மிஞ்சினது பள்ளமும் தூசியும். இன்னிக்கும் அந்தப் பக்கம் ரோட்டுல ஒரு சைக்கிள்ல ஏழெட்டு மூட்டை கரிய கட்டிக்கிட்டு மேட்டுல ஓட்ட முடியாம தள்ளிக்கிட்டே போற ஆளுங்கள பாக்கலாம். 2015-ல சட்டத்த திருத்தி மாவட்ட கனிம நிதின்னு கொண்டு வந்தாங்க, சுரங்கக்காரங்க கட்டற காசுல ஒரு பங்கு அந்த மாவட்டத்துக்கே போகணும்னு. நல்ல ஏற்பாடுதான், நாப்பது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்.

மணவாளக்குறிச்சி மண்ணுல தோரியம் கொட்டிக் கிடக்காமே, கூடங்குளத்துக்கு ஏன் ரஷ்யாலேர்ந்து எரிபொருள்?

வாட்ஸப்புல சுத்தற மெசேஜ் இது, பாதி சரி. தெக்கத்தி மலைப் பாறை உதிர்ந்து ஆத்து வழியா கடலுக்குப் போய், அலை லேசான மணல அடிச்சுட்டு போக, கனமானது கரையிலயே தங்குது. அங்க நின்னு பாத்தா கருப்பா இருக்கறது இல்மனைட், நடுவுல செவப்பு கோடா ஓடறது கார்னெட், தோரியம் இருக்கற மோனசைட் இதுகளோட கலந்து ரொம்ப கொஞ்சமாத்தான் இருக்கும். கேரளா சவராவுலயும் ஒடிசா சத்ரபூர்லயும் இதே கதைதான். ஆனா தோரியத்த அப்படியே உலையில போட்டு எரிக்க முடியாது, முதல்ல அத உலைக்குள்ள வெச்சு யுரேனியம்-233-ஆ மாத்தணும், அதுக்கே வேற எரிபொருள் வேணும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா மூணு கட்டத் திட்டம் போட்டதே இதுக்குத்தான், தோரியம் வர்றது மூணாவது கட்டத்துல. கூடங்குளம் ரஷ்ய டிசைன், செறிவூட்டின யுரேனியத்துலதான் ஓடும்.

காஷ்மீர்ல லித்தியம் 59 லட்சம் டன்! இனி பேட்டரி விலை இறங்குமா?

இறங்காது. ஜம்மு பக்கத்து ரியாசி மாவட்டத்துல 2023-ல அறிவிச்சது ஆரம்பக்கட்ட மதிப்பீடு, அதுவும் தாதுவோட எடை, லித்தியத்தோட எடை இல்ல, டிவிக்காரங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க. மத்தவங்க உப்பு நீர்லயும் பாறையிலயும் எடுக்கறாங்க, இங்க களிமண் கலந்த படிவு, லாபமா பிரிக்கிற வழி இன்னும் கைக்கு வரல, போதாததுக்கு நிலநடுக்க பூமி வேற. ஏலத்துக்கு விட்டப்ப போதுமான ஆள் வரலங்கறதுலயே பதில் இருக்கு.

கோலார மறுபடி திறப்பாங்களா?

3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், உள்ள தாங்க முடியாத சூடு, டன்னுக்கு கிடைக்கற தங்கமோ கொஞ்சம், அதான் 2001-ல மூடினாங்க. மேல குவிஞ்சு கிடக்கற பழைய கழிவு மண்ணுலேர்ந்து மிச்சத்த எடுக்கலாம், கீழ இறங்கறது கஷ்டம்னுதான் நான் நினைக்கிறேன்.

சேலம் இரும்பாலை கஞ்சமலை இரும்புலதான ஓடுது?

இல்லீங்க. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை. கஞ்சமலையோட மேக்னடைட் இரும்புத்தாது இன்னும் மலையிலயேதான் இருக்கு.

வெயிலும் காத்தும் எல்லா ஊர்லயும் இருக்கே, அதுக்கும் மேப் உண்டா?

உண்டு, நல்லாவே உண்டு. தென்மேற்கு பருவக்காத்து மலை மேல மோதி பாலக்காடு, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா பிதுங்கி வர்றதாலதான் முப்பந்தல்லயும் உடுமலை பக்கமும் காத்தாடி காடு, மே-லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் பின்னி எடுக்கும், அப்புறம் படுத்துடும். கரண்ட் கொண்டு போற லைன் போதாம சீசன்லயே காத்தாடிய நிறுத்தி வெச்ச காலமும் உண்டு. வெயிலுக்கு ராஜஸ்தான், அங்கயும் இதே லைன் பிரச்சனைதான், போதாததுக்கு கம்பில கானமயில் (ரொம்ப அரிதாயிட்ட பெரிய பறவை) அடிபட்டு சாகுதுன்னு 2021-ல சுப்ரீம் கோர்ட் லைன பூமிக்கு அடியில கொண்டு போகச் சொல்லி, அவ்ளோ நீளத்துக்கு முடியாதுன்னு அரசாங்கம் போய் நின்னதும் 2024-ல அத தளர்த்தி கமிட்டி போட்டாங்க.