நோட்எம்சியுவில் ஓடும் கருவிக்குச் சொந்தமாக பிசிபி வடிவமைக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பிரெட்போர்டில் நோட்எம்சியுவை வைத்துச் செய்த கருவி நன்றாக ஓடுகிறது, அதற்கென்று தனியாக ஒரு பிசிபி (செப்புத் தடங்கள் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) வடிவமைக்க விரும்புகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னணுவியல் என் தொழில் அன்று. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கருவிக்காக இதே வேலையில் இறங்கிய நான், மூன்றாவது பலகையில்தான் கரையேறினேன். நோட்எம்சியு என்பது வெறும் ஈஎஸ்பி 8266 என்ற வைஃபை சில்லு அன்று. அந்தச் சில்லுக்கு வேண்டிய பணிவிடைகளையெல்லாம் நமக்குத் தெரியாமலே செய்து கொடுக்கும் ஒரு பலகை. அதைக் கழற்றிவிட்டால் அத்தனையும் நம் பொறுப்பாகிவிடும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வெறும் சில்லை வாங்கிப் பலகையில் வைக்கத் துணிய வேண்டாம். 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ஃப்ளாஷ் நினைவகம், ஆன்டெனா ஆகியவை தகர மூடியுடன் சேர்ந்தே வரும் ஈஎஸ்பி-12எஃப் மாட்யூல் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ரேடியோ அலைச் சுற்றை நாமே வடிவமைப்பது வீண் வீரம்.

என் முதல் பலகையைக் கவிழ்த்தது மின்சாரம் கொடுத்தவுடன் சில்லு பார்க்கும் சில முனைகள். ஜிபிஐஓ எனப்படும் பொது உள்ளீட்டு-வெளியீட்டு முனைகளில் 0, 2 ஆகிய இரண்டும் அந்தக் கணத்தில் 3.3 வோல்ட் பக்கமும், ஜிபிஐஓ 15 கிரவுண்ட் பக்கமும் இருந்தால்தான் நம் நிரல் ஓடும். ஜிபிஐஓ 0 தாழ்ந்திருந்தால், புதிய நிரல் ஏற்றப்படும் என்று சில்லு காத்துக்கொண்டே இருக்கும். பிரெட்போர்டில் நான் பயன்படுத்திய ஆயத்த ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல், முனை தாழ்ந்தால் இயங்கும் வகை என்பதால் ஜிபிஐஓ 0-வில் இணைத்தும் சிக்கல் வரவில்லை. சொந்தப் பலகையில் செலவைக் குறைக்கிறேன் என்று ரிலேவை ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் வழியாக அதே முனையில் கொடுத்தேன். டிரான்சிஸ்டரின் பேஸ் 0.7 வோல்ட்டிலேயே மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கிவிடும். எனவே 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம், பேஸுக்கு 1 கிலோ ஓம் என்று மின்தடைகளைப் போட்டிருந்த அந்த முனை 0.9 வோல்ட்டைச் சுற்றியே நின்றுவிட்டது. இரண்டு மாலைகள் நிரலில் பிழை தேடிய பிறகுதான் சீரியல் மானிட்டரை 74880 பாட் வேகத்தில் திறந்து பார்த்தேன். சில்லு எழும்போது அச்சிடும் முதல் வரியில் பூட் மோட் 3 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருந்தது. அதாவது சில்லு நிரல் ஏற்றும் நிலையிலேயே உட்கார்ந்திருந்தது. ரிலே போன்றவற்றை ஜிபிஐஓ 4 அல்லது 5-இல் கொடுங்கள். ஈஎன் (சில்லை இயங்கவிடும் முனை), ரீசெட், ஜிபிஐஓ 0, ஜிபிஐஓ 2 ஆகியவற்றை 10 கிலோ ஓம் மின்தடைகளால் 3.3 வோல்ட்டுடனும், ஜிபிஐஓ 15-ஐ அதேபோல் கிரவுண்டுடனும் கட்டுங்கள். 6 முதல் 11 வரையுள்ள முனைகள் ஃப்ளாஷ் நினைவகத்துக்குரியவை. அவை இல்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்வழங்கல். வைஃபையில் தகவல் அனுப்பும் கணத்தில் சில்லு சுமார் 170 மில்லி ஆம்பியர் இழுக்கும் என்று அதன் தரவுத்தாள் சொன்னாலும், மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டில் நிறுத்தி, 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய ரெகுலேட்டரையே போட வேண்டும். 5 வோல்ட் அடாப்டரில் ஓடும் கருவிக்கு எல்லாரும் போடும் ஏஎம்எஸ் 1117 போதும். 10 மைக்ரோ ஃபாரட், 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகளை மாட்யூலின் விசிசி (மின்வழங்கல்) முனைக்கு மிக அருகில் வைத்தால், வைஃபை இணையும்போதெல்லாம் ரீசெட் ஆகும் தொல்லை பெரும்பாலும் வராது. பேட்டரியில் ஓட்டுவதென்றால் இந்த ரெகுலேட்டர் உதவாது. சுமார் 1.1 வோல்ட்டைத் தானே விழுங்கிவிடுவதால், முழுக்க ஏறிய 4.2 வோல்ட் லித்தியம் செல்லிலிருந்துகூட அதனால் 3.3 வோல்ட் தர இயலாது. அதோடு, சில்லு ஆழ்ந்த உறக்கத்தில் 20 மைக்ரோ ஆம்பியரோடு அடங்கிக் கிடக்கும்போதும் ரெகுலேட்டர் மட்டும் 5 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தின்றுகொண்டிருக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை அது ஒன்றே 17 நாளில் காலி செய்துவிடும்.

அனலாக் உள்ளீட்டைப் பயன்படுத்துபவர் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. நோட்எம்சியுவின் ஏ0 முனை 3.3 வோல்ட் வரை தாங்குவதற்குக் காரணம், அந்தப் பலகையிலுள்ள 220, 100 கிலோ ஓம் மின்தடைகள். ஈஎஸ்பி-12எஃப் மாட்யூலின் அதே முனைக்கு 1 வோல்ட்தான் எல்லை.

இரண்டாவது பலகை மேசையில் ஒழுங்காக ஓடியது, மாடிக்குக் கொண்டுபோனால் வைஃபை அறுந்தது. பிசிபி வரையும் கைகேட் மென்பொருளில் கிரவுண்டுக்காகச் செப்பை நிரப்பச் சொன்னபோது, ஆன்டெனாவுக்கு நேர் கீழேயும் அது நிரம்பியிருந்ததை நான் பார்க்கவில்லை. வளைந்து வளைந்து செல்லும் அந்த ஆன்டெனாக் கோட்டுக்குக் கீழே செப்புத் தகடு இருந்தால் அதன் ஒத்திசைவே மாறிப்போகும். மாட்யூலை ஆன்டெனா பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு வையுங்கள். இடமில்லையென்றால் அதன் கீழே இரண்டு அடுக்குகளிலும் செப்பு, தடம், திருகாணி எதுவும் வராதபடி ஒரு தடைப்பகுதியை வரைந்துவிடுங்கள். மூன்றாவது பலகையில் நான் செய்த பெரிய மாற்றம் அவ்வளவுதான். அது இன்றும் தொட்டிக்கருகில் ஓடிக்கொண்டிருக்கிறது.

230 வோல்ட்டை முதல் பலகைக்குள் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து. பலகையில் ஒரு சிறு ரிலே, அது இயக்கும் காண்டாக்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் பெரிய ரிலே) தனிப்பெட்டியில் என்று பிரித்துக்கொள்வது நல்லது. அந்த ரிலேவிலிருந்து காண்டாக்டருக்குக் கம்பி போகும் பக்கத்திற்கும் சில்லின் பக்கத்திற்கும் இடையேகூடக் குறைந்தது 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

இன்று தொடங்குவதாக இருந்தால் நான் ஈஎஸ்பி 32-சி3 மாட்யூலையே எடுப்பேன். ஜிபிஐஓ 18, 19 முனைகளில் யுஎஸ்பி நேரடியாகவே இருப்பதால் தனி யுஎஸ்பி-சீரியல் சில்லு தேவையில்லை. டைப்-சி சாக்கெட் வைத்தால் மறுபக்கத்துக்கு இணைப்பை அறிவிக்கும் அதன் சிசி முனைகள் இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடைகள் போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சி-க்கு-சி கேபிளில் மின்சாரமே வராது.

பலகையை அச்சிடும் ஆலைக்குக் கெர்பர் கோப்புகளை (பலகையின் வரைபடக் கோப்புகள்) அனுப்புமுன் பலகையை ஏ4 தாளில் நூறு சதவீத அளவில் அச்சிட்டு, மாட்யூலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஈஎஸ்பி-12எஃப் முனைகளின் இடைவெளி 2 மில்லிமீட்டர், பிரெட்போர்டின் 2.54-இல் பழகிய கண் இதில் எளிதாக ஏமாறும். பலகைகள் வந்ததும் ஒன்றில் மட்டும் ரெகுலேட்டரையும் மின்தேக்கிகளையும் சால்டர் செய்து, மல்டிமீட்டரில் 3.3 வோல்ட்டைப் பார்த்த பிறகே மாட்யூலை வையுங்கள்.