மலைச் சைக்கிளில் இறக்கம் வந்ததும் சீட்டை ஏன் தாழ்த்துகிறார்கள்?

ஏற்றத்தில் சீட் உயரமாக இருந்தால்தான் கால் நன்றாக நீண்டு பெடலில் பலம் இறங்கும். செங்குத்தான இறக்கத்தில் அதே சீட் இடுப்பைத் தாழவிடாது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் ஹேண்டில்பாரைத் தாண்டி விழ வேண்டியதுதான்.

இதற்கான கருவி டிராப்பர் போஸ்ட். ஹேண்டில்பாரில் உள்ள லிவரை அழுத்தியபடி உட்கார்ந்தால் சீட் 15 முதல் 20 செ.மீ. வரை இறங்கும், எழுந்து மறுபடி அழுத்தினால் தானாக மேலே வரும். ஏற்ற இறக்கம் மாறி மாறி வரும் சுற்றுப்பாதையில் வண்டியை நிறுத்தவே வேண்டாம்.

குடத்தைத் தலையில் வைத்துப் படியிறங்குவதைவிட இடுப்பில் வைத்து இறங்குவது சுலபம், அதே கணக்குதான்.

தாழ்த்துவது உட்காருவதற்கு என்று நினைக்க வேண்டாம். பெடல்கள் சமமாக, குதிகால் தாழ்ந்து, முட்டி மடங்கி நிற்க வேண்டும். பின்சக்கரத்துக்கு மேல் போய்த் தொங்குவதும் தவறு: அமெரிக்காவின் பாய்சி மலையடிவாரம் போலக் கிரானைட் மணல் கிடக்கும் பாதையில், பாரமில்லாத முன்சக்கரம் வளைவில் வழுக்கிவிடும்.