135 டிகிரி மூலையில் டேப் எழும்புவதற்கு

ஜிப்சம் போர்டு (டிரைவால்) சுவரோட 135 டிகிரி மூலையில ஒட்டின, உலோகப் பட்டை உள்ள பேப்பர் டேப் காஞ்சதும் அங்கங்க குமிழ் விடுதுன்னு சொல்றீங்க. மேல இன்னொரு கோட் காம்பவுண்ட் (போர்டு மூட்டுல டேப்பை ஒட்டவும் மூடவும் பூசுற பசை மாவு) பூசாதீங்க. எழும்பின பகுதியை வெட்டி எடுத்துட்டு, அடியில புது காம்பவுண்ட் வெச்சு புது டேப் ஒட்டுறதுதான் வழி. உலோகப் பட்டை உள்ள பேப்பர் டேப் காஞ்சதும் அங்கங்க குமிழ் விடுதுன்னு சொல்றீங்க. குமிழை எவ்வளவு மூடினாலும் பெயின்ட் அடிச்சதும் வீக்கம் தெரியும்.

பெரும்பாலும் அடியில காம்பவுண்ட் போதாம இருந்திருக்கும். நகத்தால தட்டிப் பாருங்க. பொக்குன்னு சத்தம் வர்ற இடத்துல கீறி, பேப்பரோட பின்பக்கத்தைப் பாருங்க. எதுவும் ஒட்டாம சுத்தமா இருந்தா சந்தேகமே வேண்டாம்.

அப்படியே உலோகப் பட்டைகள் சுவர்ப் பக்கம் இருக்கான்னும் பாருங்க. பேப்பர்தான் வெளிய தெரியணும். தலைகீழா ஒட்டுறவங்க நிறையப் பேர் (பளபளன்னு இருக்கிற பக்கம் வெளியேன்னு நினைச்சுடுறாங்க).

திரும்ப ஒட்டும்போது:

1. மூலையோட ரெண்டு பக்கமும் சுமார் 3 மி.மீ. கனத்துக்குக் காம்பவுண்ட் தடவுங்க. ஆல்-பர்ப்பஸ் (எல்லா கோட்டுக்கும் ஆகிற) வகை எடுங்க. கடைசிக் கோட்டுக்கான டாப்பிங் வகையில பசை குறைவு.
2. டேப்பை நடுவுல மடிச்சு வெச்சு, பிளேடால நடுவிலிருந்து வெளிப்பக்கமா அழுத்துங்க. ஓரத்துல கொஞ்சம் பிதுங்கி வரணும். மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டா மறுபடி இதே குமிழ்தான்.
3. நல்லா காஞ்ச பிறகு அடுத்த கோட். உப்புத்தாள் தேய்க்கும்போது பேப்பர் நார் எழும்பாம பார்த்துக்குங்க.

 ஆர்ச் வளைவுக்குன்னா ஓரத்துல வெட்டு விட்ட வினைல் ஆர்ச் பீட் (வளையக்கூடிய பிளாஸ்டிக் மூலைப் பட்டை) வசதி.