வாசகர் கேள்வி: புழுக்கத்துக்கும் தலைகுனிவுக்கும் ஒரே சொல்லா?

கேள்வி: ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருக்கிறேன். 'போச்சோர்னோ' என்றால் புழுக்கம் என்று என் கையடக்க அகராதி சொல்கிறது. ஆனால் ஸ்பெயின் விளையாட்டுப் பத்திரிகை ஒன்றில், சொந்த மைதானத்தில் படுதோல்வி அடைந்த கால்பந்து அணியைப் பற்றிய செய்திக்கு இதே சொல்தான் தலைப்பு. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகி, திருச்சி

பதில்: அகராதியும் சரி, பத்திரிகையும் சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது முகம்.

முதலில் இது ஒரு காற்றின் பெயர். லத்தீனில் 'வுல்துர்னுஸ்' என்ற தென்கிழக்குக் காற்றுதான் ஸ்பானியர் வாயில் போச்சோர்னோ ஆனது. கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா தென் ஸ்பெயினின் காதிஸ் ஊர்க்காரர். அந்தக் காற்று நெருப்பு மூச்சாக வந்து திராட்சையைக் கருக்கிவிடும் என்கிறார். அவருடைய தந்தையின் சகோதரர் கடுங்கோடையில் கொடிகளுக்கு மேல் ஓலைப் பாய் போட்டு நிழல் கட்டுவாராம்.

எப்ரோ ஆற்றுச் சமவெளியில் இன்றும் அது காற்றின் பெயர்தான். நான் மொழிபெயர்ப்பு வேலையாக இருந்த சரகோசாவில், வடமேற்கிலிருந்து வறண்டு வீசி ஆளையே தள்ளுவது 'சியெர்சோ'. அதற்கு எதிர்த்திசையில், மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஆற்றை ஒட்டி ஏறி வருவது போச்சோர்னோ. மற்ற இடங்களில் காற்றை விட்டுவிட்டார்கள். இலை அசையாத, ஈரம் கனத்த வெக்கைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது.

சரி, வெட்கம் எப்படி வந்தது? இதை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி. ஆகஸ்ட் மதியங்களில் ஜன்னல் பலகையை அடிவரைக்கும் இறக்கிவிட்டு, விசிறியை எடுத்துக்கொண்டு, 'கே போச்சோர்னோ!' என்பார். என்ன புழுக்கம்! அப்புறம் ஒரு நாள் அவர் பேத்தியின் விருந்தில், பாட்டியின் தம்பி குடிபோதையில், பரிமாற வந்த பையனிடம் சத்தம் போட்டார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாட்டி இரண்டு உள்ளங்கையையும் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அதே 'கே போச்சோர்னோ' என்றார். வியர்வை இல்லை, ஆனால் முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. ஸ்பானிய அரசு மொழிக் கழகத்தின் அகராதியும் இப்படித்தான் போகிறது: சூடான காற்று, மூச்சுமுட்டும் வெக்கை, முகத்தில் திடீரென ஏறும் சூடு, அவமானத்தால் வரும் சங்கடம். மூன்றாவதுதான் பாலம். மெக்சிகோவில், மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் குப்பென்று ஏறும் சூட்டுக்கும் 'போச்சோர்னோஸ்' என்றே பெயர்.

இதனால்தான் இதை வெறும் வெட்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன். வெட்கத்துக்கு ஸ்பானிஷில் வழக்கமான சொல் 'வெர்குவென்சா'; அது தனியாக இருக்கும்போதும் வரும். போச்சோர்னோவுக்குப் பெரும்பாலும் நாலு பேர் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான சொந்த ரசிகர்கள் முன்னால் தோற்ற அணிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

தமிழில் 'மனப்புழுக்கம்' தயாராக இருக்கிறதே என்று கை நீளும். வேண்டாம். அது உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பது, வெளியே தெரியாது. உங்கள் தலைப்புக்குத் 'தலைகுனிவு' பொருந்தும். பாட்டிக்கு 'மானமே போச்சு!' என்று போடுவேன்.

பேசும்போது, வானிலைக்கு 'ஆசே போச்சோர்னோ' என்று சொல்லுங்கள். ஆனால் வெயிலில் வந்து உட்கார்ந்ததும் 'சோய் போச்சோர்னோசா' என்று சொல்லிவிடாதீர்கள். நான் ஒரு மானக்கேடு என்று ஆகிவிடும். 'தெங்கோ கலோர்' (எனக்குச் சூடாக இருக்கிறது) போதும், தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.