35 இன்ச் டயரை முன் ஆக்ஸில் தாங்குமா?

கேள்வி: என்னோட ஜீப் ராங்லர் ஜேகே ஸ்போர்ட்ல முன்னாடி டானா 30ங்கற ஆக்ஸில்தான். 35 இன்ச் டயர் போட ஆசை, அதைவிட பலமான டானா 44 ஆக்ஸிலை மாத்தியே ஆகணுமா சார்?

பதில்: அவசியம் இல்லைங்க. மண் ரோட்ல நிதானமா ஓட்டினா தாங்கும், பாறை ஏறுறதுதான் வேற கதை, டயர் பெருசாக ஆக சக்கரத்தைச் சுத்துற ஷாஃப்ட் மேல வர்ற முறுக்கு கூடும், எடையும் சேர்ந்து, சக்கரம் திரும்ப உதவுற பால் ஜாயின்ட் சீக்கிரம் ஆட ஆரம்பிச்சிடும், ஆக்ஸில் முனையில இருக்கற சி வடிவ நக்கிள் வளையவும் செய்யும். அதனால முதல்ல அந்த சி-க்கு கஸெட் (பலப்படுத்துற இரும்புத் தகடு) வெல்டிங் பண்ணி, ஆக்ஸில் டியூபுக்குள்ள ஸ்லீவ் (உள்குழாய்) போடுங்க. ரெண்டு பக்க சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கற லாக்கர் போடுறதா இருந்தா, குரோமோலிங்கற வலுவான எஃகு ஷாஃப்ட் கட்டாயம்! ராங்லர் ரூபிகான் மாடல்ல வர்ற டானா 44-ல ரிங் கியர் (ஆக்ஸில் நடுவுல இருக்கற பல்சக்கரம்) பெருசு, உண்மைதான், ஆனா பால் ஜாயின்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வச்சுட்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் மிதிச்சிடாதீங்க, ஷாஃப்ட்ல இருக்கற யூ ஜாயின்ட் (மடங்கற இணைப்பு) உடையறது அப்பதான்.