பரிசோதனையில் சுத்தம், ஆனாலும் தம்பி ‘இன்னும் இல்லைக்கா’ என்கிறான்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஹெராயின் பழக்கத்தால் 5 ஆண்டு சிறையில் இருந்த தம்பி வெளியே வந்து எட்டு மாதமாகிறது. துவாசில் ஒரு கிடங்கில் வேலை. சிறுநீர்ப் பரிசோதனை ஒவ்வொன்றிலும் சுத்தம். “நீ மீண்டுட்டடா என்றால், ‘இன்னும் இல்லைக்கா’ என்கிறான். உறவினர் கல்யாணத்துக்கும் வர மறுக்கிறான். மறுபடி பழக்கத்துக்குப் போய்விடுவானோ?” என்று கேட்கிறார்.

அந்தப் பதிலுக்காகப் பயப்பட வேண்டாம், அம்மா. “இனி எனக்கு ஒன்றும் ஆகாது” என்று சத்தியம் செய்பவரைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும். உங்கள் தம்பி உள்ளதைச் சொல்கிறார்.

வீட்டார் பரிசோதனை முடிவைப் பார்க்கிறோம். சிறைக்குப் போய் வந்தவருக்கு அது போதாது. வெளியே வந்த பிறகும் 5 ஆண்டுகள் வரை கண்காணிப்பு இருக்கலாம். குறித்த நாளில் பரிசோதனைக்குப் போகாவிட்டால் அதுவே குற்றம். இந்தக் கட்டாயத்தில் பழக்கத்தை விட்டு விலகியிருக்கும்போது, தன் மனசு மாறியதாலா, சட்டத்துக்குப் பயந்தா என்று அவருக்கே சரியாகத் தெரியாது. கண்காணிப்பு முடிந்த பிறகுதான் தங்களை நம்ப முடிந்தது என்று சொன்னவர்கள் உண்டு.

அப்புறம் குற்றப் பதிவு. போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில் மட்டும் இருந்து வந்தால் அது குற்றத் தீர்ப்பாகாது. சிறை அப்படியல்ல. 3 மாதத்துக்கு மேல் தண்டனை என்றால், 5 ஆண்டு எந்த வம்புக்கும் போகாமல் இருந்தாலும் பதிவு தானாக நீங்காது. வேலை விண்ணப்பத்தில் ‘முன்பு தண்டனை பெற்றதுண்டா’ என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். ‘ஆம்’ என்று குறித்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்திலும் அதே கதைதான்: “இத்தனை வருஷமா எங்கப்பா இருந்த?” என்று ஒரு சித்தப்பா கேட்காமல் விடமாட்டார். மதுவும் ஓடும். இப்போதைக்கு வற்புறுத்தாதீர்கள்.

மீண்டுவிட்டோம் என்று இவர்களை உணரவைப்பது பெரும்பாலும் பிறர் வைக்கும் நம்பிக்கை என்பது என் அனுபவம். ஒரு தாயார் மகனிடம் ஏடிஎம் அட்டையைக் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொன்னார். அவர் பணத்தோடு ரசீதையும் நாலாக மடித்து மேசையில் வைத்தார். அம்மா ரசீதைப் பிரித்துப் பார்க்காமலே பணத்தை எடுத்து உள்ளே வைத்தாராம். பரிசோதனை முடிவுகளைப் பற்றி அந்த மகன் என்னிடம் அதிகம் பேசியதில்லை. இதைப் பற்றித்தான் திரும்பத் திரும்பப் பேசினார். உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுங்கள். சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

ரொம்ப முக்கியமான ஒன்று. தவறினால் மறுபடி சிறை என்ற நிலையில் இருப்பவர், ஆசை வருவதைக்கூட வாய்விட்டுச் சொல்லப் பயப்படுவார். ஆசை வருவது குற்றமில்லை, உட்கொள்வதுதான் குற்றம். “இன்னைக்கு ரொம்பத் தோணுதுக்கா” என்று அவர் சொன்னால், அழாதீர்கள், திட்டாதீர்கள். “சாப்பிட்டியா? வா, நடந்துட்டு வரலாம்” என்று கூப்பிடுங்கள். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணியும். சம்பள நாள், வேலையில் அவமானம், பழைய நண்பரின் போன் அழைப்பு, இந்த நேரங்களில் கூடவே இருங்கள். தூக்கம் கெட்டாலோ, அடிக்கடி கடன் கேட்டாலோ நேராகவே கேட்டுவிடுங்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்: நீண்டகாலம் ஹெராயின் எடுக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஒருமுறை தவறினாலும் மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகிறது என்றால் சட்டம் என்ன செய்யும் என்று யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

ஆலோசனைக்கு, 1972 முதல் இயங்கும் சிங்கப்பூர்ப் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கமான சானா இருக்கிறது. மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உண்டு. எங்கே போனாலும், “மீண்டுட்டேன்னு எப்போ சொல்லுவ?” என்று தம்பியிடமே முதலில் கேளுங்கள். முழுநேர வேலை என்பார், மகளோடு பேசுவது என்பார், கண்காணிப்பு முடியட்டும் என்பார். அவர் எதைச் சொல்கிறாரோ, அதற்கு இந்த மாதம் என்ன செய்யலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.