பதில்: அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பனி நின்ற பிறகு காரை ஏன் இழுத்துப் போனார்கள்?

முந்தின இரவே பனி நின்றுவிட்டது, காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் வீட்டு வாசலில் கார் இல்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டு எண் 3418 என்றதுமே காரணம் புரிந்துவிட்டது.

தெருப்பனியை அள்ள வண்டிகளை அகற்றச் சொல்லி நகராட்சி 'ஸ்னோ எமர்ஜென்சி' அறிவித்தால் முதல் நாள் என்பது அன்றிரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 வரைதான். அப்போது முக்கியச் சாலைகளில் இரண்டு பக்கமும் நிறுத்தக்கூடாது. காலை 8 மணிக்கே இரண்டாம் நாள் தொடங்கிவிடும். உங்களுடையதைப் போன்ற உள்தெருக்களில் இரவு 8 வரை இரட்டைப்படை எண் வீடுகள் இருக்கும் பக்கம் காலியாக இருக்க வேண்டும். ஒற்றைப்படைப் பக்கத்துக்கு மூன்றாம் நாள், அதே நேரம். பனி பெய்கிறதா, நின்றுவிட்டதா என்பது கணக்கே இல்லை. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதுதான் எரிச்சல்.

சரி, முதலில் காரை மீட்டுவிடுங்கள். நாள் கூடக் கூட காரை அங்கே வைத்திருப்பதற்கான வாடகை ஏறும். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் சான்று இரண்டும் கையில் இருக்கட்டும். எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நகராட்சியின் உதவி எண் 311-இல் கேட்கலாம். அபராதத்தை எதிர்த்துப் பேச வழி உண்டு. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்பது எடுபடும் என்று நினைக்கவில்லை.

அப்புறம், நகராட்சியின் குறுஞ்செய்தி அறிவிப்பில் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு பெரும்பாலும் மாலை 6 மணிக்குள் வந்துவிடும், காரை நகர்த்த நேரம் கிடைக்கும்.